தன்னிடம் இருப்பதைத்தான் ஆசிரியர் கொடுக்க முடியும்
டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் பயிற்சி பற்றி

நம் பங்குகள் பலவற்றில் கோவிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவகைப் பிள்ளைகளைக் காணலாம். ஆசிரியர் கதை சொன்னால் முழுவதும் புரிந்துகொள்வார்கள். கேள்வி கேட்டால் வாயால் சரியாகப் பதில் சொல்வார்கள். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்து நான்கு வரி வாசிக்கச் சொன்னால் தடுமாறி நின்றுவிடுவார்கள். நேற்று எழுதிய சொல்லை இன்று வேறு மாதிரி எழுதுவார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர்கள் நமக்குத் தெரியும்: சோம்பேறி, கவனம் இல்லாதவன், மக்கு. பெற்றோர் மாலையில் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். பள்ளியில் தவறான சொல்லைப் பத்துமுறை இம்போசிஷன் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளையும் எழுதுகிறது. பதினோராவது முறை மறுபடியும் தவறாகவே எழுதுகிறது.

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம் என்பதை இன்று ஓரளவு எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்ற இந்தித் திரைப்படம் அந்தப் பெயரைப் பல வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் பெயர் தெரிந்தால் மட்டும் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடாது. அதற்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சி என்ன, அதில் எதைக் கற்கிறார்கள், நம் பள்ளிகளும் பங்குகளும் அதற்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே சிந்திப்போம்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

1887இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ரூடால்ஃப் பெர்லின் இந்தச் சொல்லை உருவாக்கினார். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், நல்ல அறிவுள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவன் எவ்வளவு கற்பித்தும் வாசிக்க முடியாமல் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் அதில் குறிப்பிட்டார். நூறாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஆனாலும் இந்த விவரிப்பு நம் ஊர்ப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகிறது.

டிஸ்லெக்சியா என்பது மூளை மொழியின் ஓசைகளைக் கையாளும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பேச்சில் ஒன்றாகக் கலந்து வரும் ஓசைகளைத் தனித்தனியாகப் பிரித்து உணர்வதும், அவற்றை எழுத்தோடு இணைப்பதும், இணைத்ததை விரைவாக நினைவுக்குக் கொண்டுவருவதும் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். இது அறிவுக் குறைவு அல்ல. கண் பார்வைக் கோளாறும் அல்ல. பெற்றோரின் வளர்ப்பினால் வருவதும் அல்ல. பெரும்பாலும் குடும்பவழியாக வருகிறது. தந்தைக்கோ மாமாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதில் மதிப்பீடுகள் வேறுபட்டாலும், நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். இந்தப் பிள்ளைகள் இல்லாத பள்ளி இல்லை என்றே சொல்லலாம்.

பேதுருவின் பெயரால் ஓர் ஆய்வு

திருத்தூதர் பணிகள் நூலில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு நிகழ்வு உண்டு. கோவிலின் அழகுவாயில் அருகே பிச்சை கேட்டவரிடம், தம்மிடம் வெள்ளியும் பொன்னும் இல்லை என்று பேதுரு சொல்கிறார். இல்லாததைக் கொடுக்க முடியாது. இருப்பதைத்தான் கொடுக்க முடியும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இந்த நிகழ்விலிருந்தே 'பேதுரு விளைவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வாசிப்பில் ஆர்வம் இல்லாத ஆசிரியர் அந்த ஆர்வத்தை மாணவருக்குக் கொடுக்க முடியாது என்பதைக் காட்ட 2004இல் அது பயன்படுத்தப்பட்டது. பின்னர் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை இன்னும் ஆழமாகக் கொண்டு சென்றது. மொழியின் ஓசை அமைப்பைத் தாமே சரியாக அறியாத பேராசிரியர்களிடம் படித்த ஆசிரியர் மாணவர்களுக்கும் அந்த அறிவு போதுமான அளவில் இல்லை. தனிப் பயிற்சி பெற்ற பேராசிரியர்களிடம் படித்தவர்கள் அதைவிட நன்றாக விடையளித்தார்கள்.

இதற்கு முன்னோடியாக 1994இல் லூயிசா மோட்ஸ் என்ற அறிஞர், அனுபவமுள்ள ஆசிரியர்களிடமே மொழி அமைப்பு பற்றிய கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். ஒரு சொல்லில் எத்தனை ஓசைகள் என்று பிரித்து எண்ணுவது போன்ற அடிப்படைக் கேள்விகளிலேயே பலர் தடுமாறினார்கள். அவர்கள் அக்கறை இல்லாத ஆசிரியர்கள் அல்லர். ஆசிரியர் கல்லூரியில் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையிடம் அன்பாக இருங்கள் என்று ஆசிரியரிடம் சொல்வது மட்டும் போதாது. அன்பு வேண்டும், அது இல்லாமல் எதுவும் தொடங்காது. ஆனால் அன்பு மட்டுமே வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிடாது. கனிவான ஆசிரியரின் வகுப்பிலும் அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை வாசிக்காமலேயே போய்விடக்கூடும்.

பயிற்சி தோன்றிய வரலாறு

ஆசிரியர் வேலைக்கே பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் ஒருகாலத்தில் புதுமையாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தனி நிறுவனம் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீனில் அல்லாமல் தாய்மொழியில் முதலில் வாசிக்கக் கற்பிக்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த மாற்றம். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

டிஸ்லெக்சியாவுக்கான சிறப்புப் பயிற்சி 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவானது. நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1920களில் வாசிக்க இயலாத பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். அவருடன் இணைந்து பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற ஆசிரியர் இருவரும் 1930களில் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை எழுதினார்கள். இதுவே ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் முறை எனப்படுகிறது. இன்று உலகில் உள்ள பல பயிற்சித் திட்டங்கள் இதிலிருந்து கிளைத்தவை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, வாசிப்புக்கு ஐந்து தூண்கள் தேவை என்றது: ஓசைகளைப் பிரித்தறிதல், ஓசை–எழுத்து இணைப்பு, சரளம், சொல்வளம், பொருள் உணர்தல். 2009இல் இங்கிலாந்தில் சர் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, டிஸ்லெக்சியாவுக்கென்று 4,000 ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைத்தது. பன்னாட்டு டிஸ்லெக்சியா சங்கம் 2010இல் வாசிப்பு ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தரநிலைகளாக வெளியிட்டு, 2018இல் திருத்தியமைத்தது.

பயிற்சியில் கற்பவை

நல்ல பயிற்சி எதுவாக இருந்தாலும் அதில் கீழ்க்கண்ட பகுதிகள் இருக்கும்.

1. மொழியின் அமைப்பு

இதுவே அடித்தளம். தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது தமிழ் மொழியின் அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட பயிற்சியை அப்படியே பின்பற்றினால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

'மரம்' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று, ஓசைகள் ஐந்து. ம், அ, ர், அ, ம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தடுமாறுவது இந்தப் பிரிப்பில்தான். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ஆனால் ஓசையில் மெய்தான் முதலில், உயிர் பிறகு. 'கொ' என்பதில் ஓர் உயிரின் குறி இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கா' என்பதைப் பிள்ளை 'கர' என்று வாசித்தால், துணைக்காலையும் ரகரத்தையும் அதன் கண் ஒன்றாகக் கொள்கிறது என்று ஆசிரியர் உடனே கண்டுகொள்ள வேண்டும்.

1978இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை எளிதாக்கியது. உகர வரிசை மட்டும் பழையபடியே இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அந்தப் பதினெட்டையும் ஒரே நாளில் கொட்டமாட்டார். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு போன்றவை ஒரு கூட்டம். து, நு, று, ணு, லு போன்றவை ஒரு கூட்டம் என்று வடிவத்தால் பிரித்து, ஒரு கூட்டம் உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுவார்.

ண, ந, ன குழப்பம் எல்லாருக்கும் உள்ளதுதான். இன்றைய பேச்சில் நகரமும் னகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், காதால் கேட்டு எழுது என்றால் எந்தப் பிள்ளையும் எழுத முடியாது. இங்கே விதிதான் கைகொடுக்கும்: சொல்லின் முதலில் வருவது ந, தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். பந்து, வண்டி, கன்று. இலக்கண வகுப்பில் இன எழுத்து என்று நாம் மனப்பாடம் செய்தது இதுதான். நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் அன்றே விளக்கிவைத்திருக்கிறது. தேர்வுக்குப் படித்து மறந்த அந்த அறிவைப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பயன்படுத்தும் கருவியாக மாற்றித் தருவதே பயிற்சியின் வேலை.

ககரம் 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்பதைச் சந்திக்கிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வதை இந்தப் பிள்ளைகள் அப்படிப் பிடித்துக்கொள்வதில்லை.

2. அடையாளம் காணுதல்

ஆசிரியர் நோய் கண்டறிபவர் அல்லர். டிஸ்லெக்சியா என்று முடிவு சொல்ல வேண்டியவர்கள் அதற்கெனப் படித்த உளவியலாளர்களும் மருத்துவக் குழுவும். ஆனால் முதலில் கவனிக்கக்கூடியவர் ஆசிரியர்தான். படம், தடம், குடம் என்று எதுகையாக வரும் சொற்களைச் சேர்க்கத் தெரியாமை, முதல் எழுத்தைப் பார்த்து மற்றதை ஊகித்தல், வரி தாண்டி வாசித்தல், ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுதல், கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்ள நீண்ட நேரம் எடுத்தல், வாய்மொழிப் பதிலுக்கும் எழுத்துப் பதிலுக்கும் பெரிய இடைவெளி ஆகியவை குறிப்புகள். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட வேண்டும். இந்திய மொழிகளுக்கென்றே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 'டாலி' என்ற கருவியை உருவாக்கி 2015இல் வெளியிட்டது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் முதலில் வந்த அதில், வகுப்பாசிரியரே நிரப்பக்கூடிய தொடக்கநிலைப் படிவங்களும் உண்டு.

3. கற்பிக்கும் முறை

எளிதிலிருந்து கடினத்துக்கு, ஒன்று உறுதியான பிறகே மற்றொன்று, கற்றதைத் தினமும் திரும்பப் பார்த்தல், கண், காது, வாய், கை ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்துதல். இவையே அடிப்படை. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் அந்த வழக்கத்தைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். இன்றைய சிறப்பு ஆசிரியரின் மேசையிலும் ஒரு மணல் தட்டு இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், எந்த எழுத்தை எந்த நாளில், எதற்கு அடுத்து எழுத வைக்கிறார் என்பதற்கு அவரிடம் திட்டம் இருக்கிறது.

ஒரு பாடவேளை ஏறத்தாழ இப்படி நடக்கும். ஏற்கெனவே கற்ற எழுத்து அட்டைகளை வேகமாகத் திரும்பப் பார்த்தல், ஐந்து நிமிடம். எழுத்து எதுவும் காட்டாமல் ஓசை விளையாட்டு: 'பல்' என்பதில் முதல் ஓசையை எடுத்துவிட்டுக் 'க்' வைத்தால் என்ன? 'கல்'. பிறகு புதிய எழுத்து அல்லது குறி ஒன்றே ஒன்று; சொல்லிக்கொண்டே மணலில் எழுதுதல். அந்தக் குறி வரும் சொற்களை வாசித்தல். அதே சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதுதல். கற்ற எழுத்துகள் மட்டுமே உள்ள ஒரு சிறு பத்தியை வாசித்தல். கடைசியாக ஆசிரியர் நல்ல கதை ஒன்றைப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டுதல். இந்தக் கடைசிப் பகுதியைக் கைவிடக் கூடாது. தானே வாசிக்க முடியாத பிள்ளையின் சொல்வளமும் அறிவும் அதனால்தான் வளர்கின்றன.

4. பதிவேடும் திட்டமும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவதும், எந்தத் தவறு எத்தனை முறை வந்தது என்று குறிப்பதும் பயிற்சியில் அடங்கும். தவறுதான் அடுத்த பாடம் என்ன என்பதைச் சொல்கிறது. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் மட்டும் அந்தச் செய்தி ஆசிரியருக்குக் கிடைக்காது.

5. பெற்றோரிடம் பேசுதல்

பிள்ளைக்கு ஏதோ குறை என்ற சொல் தாயின் மனத்தை எப்படித் தாக்கும் என்பதை அறிந்து பேச வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று பொய்யான உறுதியும் தரக் கூடாது. டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. ஆனால் சரியான கற்பித்தலால் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளும், பட்டமும் பெறலாம் என்பதை உண்மையோடு சொல்ல முடியும்.

மேற்பார்வையில் கற்பித்தல்

ஒரு நாள் கருத்தரங்கு விழிப்புணர்வு தரும்; ஆசிரியரை உருவாக்காது. நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டு யாரும் நீந்துவதில்லை. அமெரிக்காவில் ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் முறைக்குச் சான்று வழங்கும் அமைப்பில் இணை நிலைக்கு, வகுப்புப் பாடங்களைத் தவிர, குறைந்தது 100 மணி நேரம் ஒரு மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில் பிள்ளைக்கு நேரடியாகக் கற்பித்திருக்க வேண்டும். பயிற்றுநர் வந்து பாடத்தைக் கவனிப்பார். எங்கே வேகமாகப் போனீர்கள், எங்கே பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் தரவில்லை என்று காட்டுவார். ஆசிரியர் தாம் கற்பித்த விதத்தைப் பிறர் கண்ணால் பார்க்கக் கற்பது இங்கேதான்.

திரைப்படத்தில் ஒரு நல்ல ஆசிரியர் வந்து சில மாதங்களில் எல்லாம் மாறிவிடுகிறது. வாழ்க்கையில் அது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர வேண்டிய பணி. முதல் ஆறு மாதத்தில் மதிப்பெண்ணில் எதுவும் தெரியாமல் போகலாம். இதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் அறிந்திருந்தால்தான் ஆசிரியர் சோர்ந்துபோகமாட்டார்.

நம் நாட்டில் சட்டமும் வாய்ப்புகளும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகைகளில் ஒன்றாகக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைச் சேர்த்தது. அவற்றை மிக விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்பதும், அதற்கு ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பயிற்றுவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிய அறிவு எல்லா ஆசிரியர் கல்வித் திட்டங்களிலும் இருக்க வேண்டும் என்றது. 2021இல் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளில் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று கூறியது.

சிறப்பு ஆசிரியராகப் பணியாற்ற, 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். சிறப்புக் கல்வியில் பட்டயமும் பி.எட். பட்டமும் இவ்வகையில் வருகின்றன. ஏற்கெனவே வகுப்பாசிரியராக இருப்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இதில் முன்னோடி. இலாப நோக்கற்ற இந்த அமைப்பு பிள்ளைகளுக்கான சிறப்பு மையத்தோடு ஆசிரியர் பயிற்சிகளையும், இணையவழிப் பாடத்தையும் நடத்திவந்திருக்கிறது.

உரிய சான்றிதழ் பெற்ற மாணவருக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இவற்றைப் பெற்றுத்தருவது பள்ளியின் கடமை. ஆனால் பல இடங்களில் பத்தாம் வகுப்பில்தான் சான்றிதழைத் தேடி ஓடுகிறார்கள். சலுகை தேர்வைத் தாண்ட உதவும், வாசிக்கக் கற்றுத்தராது. அதற்கான காலம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்கள் பெருகியிருக்கின்றன. வண்ணக் கண்ணாடிகள், கண் பயிற்சிகள் ஆகியவை வாசிப்புக் குறைபாட்டைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக அறிவித்தார்கள். ஆசிரியர் பயிற்சி என்ற பெயரில் இவற்றைக் கற்றுத்தரும் வகுப்புகளும் உள்ளன. ஆகவே பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: பயிற்றுநர் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா? ஓசை–எழுத்து இணைப்பைப் படிப்படியாகக் கற்பிக்கச் சொல்லித்தருகிறார்களா? நேரடியாகப் பிள்ளைக்குக் கற்பித்து மேற்பார்வை பெறும் பகுதி உண்டா? தமிழுக்கான பாடங்கள் உண்டா?

பள்ளியும் பங்கும் செய்யக்கூடியவை

நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்கள் ஏராளம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்றால் பெற்றோர் நகரத்தில் தனி ஆசிரியரைத் தேடிக்கொள்வார்கள். தோட்ட வேலைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லிவிடுகிறது. ஆகவே இந்தப் பயிற்சி நம் பள்ளிகளுக்குத்தான் மிகவும் தேவை.

செலவு ஒரு தடை என்பது உண்மை. குறைந்த சம்பளத்தில் பணியாற்றும் தற்காலிக ஆசிரியர் தம் கையிலிருந்து கட்டணம் செலுத்திப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியே போய்க் கற்றுவந்தாலும், அதிகச் சம்பளம் தரும் வேறு பள்ளிக்கு அவர் சென்றுவிடுவார் என்ற கவலை நிர்வாகத்துக்கு இருக்கிறது. இதற்கு வழிகள் உண்டு. பங்கில் திருவிழாவுக்கு நன்கொடை திரட்டுகிறோம். ஆண்டுக்கு ஓர் ஆசிரியரின் பயிற்சிக் கட்டணத்தைப் பங்குப் பேரவையோ பக்த சபைகளோ ஏற்கலாம். அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பு ஆசிரியரை நியமித்துக்கொள்ளலாம். ஒரு பள்ளியிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்பாமல் இருவரை அனுப்பினால், ஒருவர் மாறிச் சென்றாலும் அறிவு பள்ளியில் தங்கும்.

பயிற்சி பெற்று வந்தவருக்குக் கால அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டும். பல பள்ளிகளில் இவர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படுகிறார். அன்றைக்கு நான்கு பிள்ளைகளின் பாடம் நின்றுபோகிறது. வாரத்துக்கு நான்கு பாடவேளையாவது தொடர்ந்து, இடைவெளி இல்லாமல் நடந்தால்தான் பலன் உண்டு. ஓர் அமைதியான அறை, ஒரு மேசை, எழுத்து அட்டைகள், மணல் தட்டு. இதற்குமேல் பெரிய செலவு இல்லை.

மறைக்கல்வி ஆசிரியர்களையும் இங்கே நினைக்க வேண்டும். வார நாளெல்லாம் வகுப்பில் கூனிக்குறுகி அமர்ந்திருக்கும் பிள்ளை ஞாயிறு மறைக்கல்விக்கும் வருகிறது. அங்கேயும் திடீரென்று எழுப்பி விவிலியத்தை உரக்க வாசிக்கச் சொன்னால், அடுத்த வாரம் வராமல் இருக்கக் காரணம் தேடும். வாசிக்க வேண்டிய பகுதியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாம். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் தயாரிக்கும்போது எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழியாகக் கேட்கலாம். பாட்டு, நாடகம், படம் வழியாகக் கற்பிக்கலாம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி நாளில் அரை நாளை இதற்கு ஒதுக்கினால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் சேர்க்கும்போது தேர்ச்சி விகிதத்தைக் கேட்கிறோம், கணினி அறை உண்டா என்று கேட்கிறோம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டா என்றும் கேட்போம். நம் பிள்ளைக்குத் தேவை இல்லாவிட்டாலும் கேட்போம். பலர் கேட்டால் நிர்வாகம் சிந்திக்கும்.

அழகுவாயில் நிகழ்வில் பேதுரு தம்மிடம் இல்லாததைச் சொல்லி நிறுத்திவிடவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நடந்தார். வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க ஆசிரியரின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அது இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு மட்டுமல்ல, அவரை அனுப்பிவைக்க வேண்டிய நம் எல்லாருடைய பொறுப்பும்கூட. வரும் கல்வியாண்டுக்கான திட்டங்களைப் பள்ளி நிர்வாகமும் பங்குப் பேரவையும் பேசும்போது, நம் பள்ளியிலிருந்து யாரை அனுப்புவது என்ற கேள்வியையும் சேர்த்துப் பேசுவோம்.